கீழே: அக்கா

அந்த ஆல்பத்தின் உறையைத் திருப்பினால் பின்பக்கத்தில் நான்கே வரிகள் இருக்கும். செலோ: பல் டாக்டர். கிட்டார்: தம்பி. டிரம்ஸ்: தபால்காரர். நான்காவது வரியில் மட்டும் வாத்தியத்தின் பெயர் இல்லை. ‘கீழே: அக்கா’ என்று இருக்கிறது. அச்சுப்பிழை என்று நினைத்தவர்கள் உண்டு.

அது ஒன்றும் மகத்தான ஆல்பம் இல்லை. ஒன்பது பாட்டு, ஒன்றிலும் வார்த்தை கிடையாது. மூன்றாவது பாட்டு தேவைக்கு மேல் நீளம். ஆறாவதில் டிரம்ஸ் யார் மேல் கோபப்படுகிறது என்று கடைசிவரை விளங்காது. சின்ன அறையில் நாலு பேர் உட்கார்ந்து வாசிக்கிற செலோ, வயோலா போன்ற வயலின் குடும்பத்து இசையையும் ராக் இசைக்காரர்களின் கிட்டார், டிரம்ஸையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டிப் பார்த்த முதல் முயற்சி. “இதுக்கு ஆடவும் முடியாது, தூங்கவும் முடியாது. அதான் நம்ம பாணி” என்பார் தபால்காரர். ஆனால் கடைசிப் பாட்டில் ஏழாவது நிமிடம் தாண்டியதும் ஏதோ ஒன்று நடக்கிறது. கேட்கிறவரின் கை, செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிடுகிறது. என்ன மாறியது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

முழுதாகச் சொல்லத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். ஆல்பம் கேட்டவர் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. எல்லாருக்கும் அவள் அக்கா. உடன்பிறந்த தம்பி கூப்பிடுவதைக் கேட்டு மற்றவர்களும் தொற்றிக்கொண்டார்கள். அவளைவிட ஐந்து வயது மூத்த தபால்காரருக்கும் அக்காதான். கட்டிய புருஷனே ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அன்று முழுக்கத் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இருந்த லாண்ட்ரியில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் தினமும் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்த விரிப்புகளை டிரையரில் போட்டு, காய்ந்ததும் எடுத்து மடித்து அடுக்க வேண்டும். டிரையர்கள் மூன்று. முதல் இரண்டும் புதியவை. கண்ணாடிக் கதவும் விளக்கும் கொண்டவை. வேலை முடிந்தால் குருவி போலக் கீச்சிடுபவை. மூன்றாவது கிழடு. கதவு முழுக்க இரும்பு. உள்ளே துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வழியே இல்லை. காய்ந்ததும் தானாக நின்றுவிடும் என்பதுதான் ஏற்பாடு, ஆனால் அது நிற்பதற்குள் துணி முறுகிவிடுவதும் உண்டு. அதனால் அக்கா அதைக் காதால் பார்த்தாள். ஈரத்துணியோடு சுழலும்போது மூன்றாம் நம்பரின் குரல் கனமாக, தரையோடு ஒட்டி இருக்கும். துணி காயக் காயக் குரல் மெலிந்து ஒரு மயிரிழை மேலே ஏறும். ஏறி ஓர் இடத்தில் நிற்கும். அப்போது போய்க் கதவைத் திறப்பாள். விரிப்புகள் வெதுவெதுப்பாக, சரியாக இருக்கும்.

அந்த வேலையில் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் காயவைத்தது எதுவும் காய்ந்தபடி இருந்ததில்லை. எல்லாம் இரண்டு நாளில் அழுக்காகித் திரும்பி வந்தன. தான் செய்த ஏதோ ஒன்று, ஒன்றே ஒன்று, செய்தபடியே எங்காவது இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தான் போகாத ஓர் அறையில், தன்னைத் தெரியாத ஒருவருக்கு முன்னால் இருக்க வேண்டும்.

லாண்ட்ரியின் மாடி அறை சும்மா கிடந்தது. தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன், கிட்டார் வாசிப்பான். பல் டாக்டரம்மாவும் தபால்காரரும் அவனோடு சேர்ந்தபோது, முதலாளியம்மாவிடம் பேசி அந்த அறையை வாங்கிக் கொடுத்தவள் அக்காதான். இரண்டாம் நாளே மேலே ஏறிப்போய்ச் சண்டை போட்டவளும் அவள்தான்.

“யாரு இங்க காலால தரையை உதைக்கிறது?”

மூன்று பேரும் தபால்காரரைப் பார்த்தார்கள்.

“அது உதை இல்லைங்க, தாளம்” என்றார் அவர்.

“உங்க தாளத்துல கூரையிலேர்ந்து தூசி கொட்டுது. நான் வெள்ளைத் துணியை மறுபடி துவைக்கிறேன். நீங்க வந்து பிழிஞ்சு தரீங்களா?”

தபால்காரர் காலணியைக் கழற்றினார். அன்றிலிருந்து வெறுங்காலோடுதான் டிரம்ஸ் வாசித்தார். அக்கா கீழே போகத் திரும்பியவள், போகாமல் கதவோரம் நின்றுவிட்டாள். அரை மணி நேரம் நின்றாள். அடுத்த வாரம் பல் டாக்டர், தான் பள்ளிக்கூட நாளில் வாசித்துக் கைவிட்ட வயோலாவைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். பார்க்க வயலின் மாதிரியே இருக்கும். கொஞ்சம் பெரிது, குரல் தடிப்பு.

“பல்லைக் கடிக்காம வாசிங்க” என்றார் டாக்டர். “தாடை வலிக்கும். அப்புறம் என்கிட்டதான் வரணும்.”

முதலில் கற்றுக்கொண்டது மிகக் கீழான தந்தியை விரல் வைக்காமல் நீளமாக இழுப்பது. ஒரு மாதம் அதையே இழுத்தாள். நான்கு வருடத்தில் மற்றதும் ஓரளவு வந்தது. வேகமாக வாசிக்க வராது. ஆனால் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அது தேயும்வரை வைத்திருக்கச் சொன்னால் வைத்திருப்பாள்.

நாள்தோறும் மாலை ஆறு மணிக்குப் பயிற்சி. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் அக்கா மூன்றாம் நம்பரில் ஓர் ஆஸ்பத்திரி மூட்டையைப் போட்டுவிட்டு மேலே வருவாள். கீழே இஸ்திரி போடும் பெண் எட்டரை மணிவரை இருப்பாள், மிஷினைப் பார்த்துக்கொள்வாள். ஐம்பது நிமிடம் வாசிப்பார்கள். அதற்கு மேல் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் களைப்பு வந்துவிடும். யாராவது “டீ?” என்பார்கள். அக்கா கீழே போய் டிரையரைக் காலி செய்து அடுத்ததைப் போட்டுவிட்டு வருவதற்குள் டீ தயாராக இருக்கும். மறுபடி ஐம்பது நிமிடம். இப்படி நான்கு வருடத்தில் ஒன்பது பாட்டு சேர்ந்தது.

பல் டாக்டருக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தபோதுதான் ஆல்பம் போட்டாக வேண்டும் என்று முடிவாயிற்று. குடும்பத்தோடு போகிறார். திரும்பி வருவதைப் பற்றி அவரும் பேசவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் இரண்டு நாள் எடுத்தார்கள்.

அந்த ஸ்டுடியோவின் சுவர், கூரை, கதவு எல்லாம் கனத்த பஞ்சு. பேசினால் வார்த்தை வாயைவிட்டு வெளியே வந்ததும் விழுந்துவிடும். முதல் பாட்டை வாசித்தார்கள். நன்றாக இல்லை. இரண்டாவதும் அப்படியே. தாளம் தப்பவில்லை, ஸ்வரம் தப்பவில்லை, இருந்தும் பாட்டு எங்கேயும் உட்காராமல் அறைக்குள் அலைந்தது. இரண்டாம் நாள் மதியம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்டுக்காரர் எழுந்து வந்தார். மென்மையான மனிதர்.

“ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“தப்பா எடுத்துக்கிற மாதிரி எதையோ சொல்லப்போறீங்க” என்றார் தபால்காரர்.

“அந்தத் தடிச்ச வயலின்...”

“வயோலா” என்றார் பல் டாக்டர்.

“வயோலாதான். ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. தண்ணியில போட்ட கட்டை மாதிரி மிதக்குது. அது நின்னாத்தான் மத்தது நிக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். ஒரே காலையில வந்து எல்லாத்தையும் வாசிச்சுக் கொடுத்துடுவார்.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் கிட்டார் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்ததும் அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

அன்று மாலை வீட்டில் அவள் சொன்னாள், “விலகிடலாம்னு இருக்கேன்.”

“எதுலேர்ந்து?” என்றார் புருஷன். பஸ் டெப்போவில் கால அட்டவணை போடுகிறவர்.

“பேண்டுலேர்ந்து.”

“நல்லவேளை. வீட்டுலேர்ந்தோன்னு பயந்துட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“பஸ் லேட்டா வந்தா எல்லாரும் டிரைவரைத்தான் திட்டுவாங்க. பாதி நாள் தப்பு அட்டவணையில இருக்கும். போட்டவன் நான், எனக்குத் தெரியும்.”

“இப்ப அது எதுக்கு?”

“எதுக்குமில்ல. சும்மா சொன்னேன்.”

மறுநாள் காலை அக்கா மூன்றாம் நம்பரில் மூட்டையைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஸ்டுடியோவில் எடுத்ததைத் தம்பி போனில் அனுப்பியிருந்தான். தான் எந்த இடத்தில் கெடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு விலகுவதுதான் மரியாதை என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டினாள். மற்றக் காது மிஷினுக்கு வேண்டும்.

முதல் பாட்டு ஓடியது. அவள் கெடுக்கவில்லை. யாருமே கெடுக்கவில்லை. பாட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. மாடியில் எத்தனையோ மாலைகளில் உட்கார்ந்த அதே மாதிரி. தன் வயோலா ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதைக் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சரியாகக் கேட்பதற்காக எழுந்து, சத்தமில்லாத வாசல் பக்கம் போனாள். வாசலைத் தாண்டியதும் பாட்டுக்கு அடியில் இருந்த தரையை யாரோ உருவிக்கொண்டார்கள். வயோலா மிதந்தது. உள்ளே வந்தாள், நின்றது. வெளியே போனாள், மிதந்தது. நான்கு முறை இப்படி வாசலைத் தாண்டித் தாண்டி நடந்தாள். தெருவில் போனவர் ஒருவர், “ஏதாவது தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டார்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

“உடனே வாடா.”

“அக்கா, நான் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன்.”

“இறங்கி வா.”

மாலையில் நால்வரும் மூன்றாம் நம்பரைச் சுற்றி நின்றார்கள். பல் டாக்டர் பாட்டுகளை எழுதி வைத்திருந்த நோட்டைத் துணி மடிக்கும் மேஜையில் விரித்தார். ஒரு பக்கம் பார்த்தார், இன்னொன்றைத் திருப்பினார். பிறகு எல்லாப் பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“ஒன்பது பாட்டுலயும் ஆதார ஸ்வரத்தை யாருமே வாசிக்கல” என்றார். “நான் வாசிக்கல. தம்பி வாசிக்கல. அக்கா பக்கத்துல பக்கத்துல வராங்க, ஆனா அதைத் தொடல. ஒரு இடத்துலகூட இல்ல.”

“எப்படி இல்லாம போகும்?” என்றான் தம்பி.

“தேவைப்படல. அதான் கீழேருந்து ஏற்கெனவே கேட்டுக்கிட்டிருந்துச்சே.”

தபால்காரர் இரும்புக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். “அப்ப நாலு வருஷமா நம்ம பேண்டுல அஞ்சாவது ஆள் ஒருத்தர் இருந்திருக்கார். ஒருநாளாவது டீ கொடுத்திருக்கமா?”

அவர் அதைச் சொன்ன நேரத்தில் மூன்றாம் நம்பர் நின்றது. தம்பி சட்டென்று நிமிர்ந்து, “டீ குடிக்கலாமா?” என்றான். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. நான்கு வருடமாக அவர்களுக்கு ஒரே நேரத்தில் வந்த களைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துபோயிற்று.

அவர்கள் சிரித்து ஓய்ந்தார்கள். அக்கா சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடமாகத் துணி காய்ந்ததா என்று அறிய அந்தக் குரலைக் கவனித்தவள் அவள். ஆனால் படியேறி மேலே போனதும், அதே குரல் அவளுக்குச் சத்தமில்லாமை ஆகிவிட்டது. பாட்டு தொடங்குமுன் எல்லாரும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கணம் காத்திருப்பார்களே, அந்த மௌனம் என்று அவள் நினைத்திருந்ததே மூன்றாம் நம்பர்தான். உண்மையான மௌனத்தை அவர்கள் முதன்முதலாகச் சந்தித்தது ஸ்டுடியோவில். அங்கே அவர்களுக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை.

சவுண்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் எளிதாகத் தீர்க்கப் பார்த்தார். மிஷின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து ஸ்டுடியோவில் ஓடவிட்டு வாசிக்கச் சொன்னார். ஒத்துவரவில்லை. சில பாட்டுகள் ஈரமூட்டையோடு வளர்ந்தவை, சில பாதி காய்ந்ததோடு. மிஷின் ஏறினால் இவர்களும் அறியாமல் கூடவே ஏறினார்கள். பதிவில் இருந்த சத்தம் ஏற வேண்டிய இடத்தில் ஏறாமலும், ஏறக்கூடாத இடத்தில் ஏறியும் அவர்களைத் தடுக்கி விழவைத்தது. வேறு வழியில்லை, மாடி அறையில்தான் எடுக்க வேண்டும். கீழே மூன்றாம் நம்பர் நிஜமான ஈரத்துணியோடு ஓட வேண்டும். மற்ற மிஷின்கள் ஓடி மைக்கில் கீச்சிடாத நாள் ஞாயிறு மட்டுமே. பல் டாக்டர் கிளம்புவது செவ்வாய்க்கிழமை.

சாவி கேட்க அக்கா முதலாளியம்மாவிடம் போனாள்.

“போன மாசம் டிரையர் பின்னால பஞ்சு கருகிப் புகை வந்துச்சே, மறந்துட்டியா?” என்றார் அவர். “ஆள் இல்லாம மிஷின் ஓடக்கூடாது. ஞாயித்துக்கிழமை இஸ்திரிக்காரி வர மாட்டா. நீ அது பக்கத்துல நிக்கறதா இருந்தா சாவி தரேன். உன் புருஷன், உன் தம்பி, வேற யாரும் ஆகாது. நீ நிக்கணும்.”

“நான் மேல வாசிக்கணும்மா.”

“அப்ப வேண்டாம்.”

அக்கா சாவியைப் பார்த்தாள். ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே வாசித்தால் ஆல்பம் இல்லை. ஆல்பம் வேண்டுமென்றால் அதில் அவள் இல்லை. தன்னைத் தெரியாத ஒருவரின் அறையில் போய் நிற்க வேண்டிய அந்த ஒன்று, கைக்கு எட்டியது, இப்படி நழுவுகிறதே என்று நினைத்தாள்.

“நிக்கிறேன்மா” என்றாள்.

மாடியில் சொன்னபோது தம்பி இந்த முறை வயரைச் சுருட்டவில்லை. “அப்ப வயோலா?” என்றான்.

“இல்லாம வாசிங்க. மிஷினையும் கவனிச்சு, கீழ நின்னு வாசிக்க என்னால ஆகாது.”

“ஸ்டுடியோவுல நான் அன்னிக்கு ஏதாவது சொல்லியிருக்கணும்க்கா.”

“இப்ப சொல்லு.”

அவன் வாயைத் திறந்தான். எதுவும் வரவில்லை.

“சரி விடு, கேட்டுடுச்சு” என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷன் வாசல்வரை வந்து ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தார். சாப்பாட்டு டப்பா, குடை, வயோலாப் பெட்டி.

“இது எதுக்குங்க? இன்னிக்கு வாசிக்கலியே.”

“தினம் எடுத்துட்டுப் போறதுதானே. கையை வீசிட்டுப் போனா உனக்கு நடை கோணும்.”

பெட்டி மடிப்பு மேஜையில் நாள் முழுக்க மூடிக் கிடந்தது. சவுண்டுக்காரர் மாடியில் நான்கு மைக் வைத்தார்; ஐந்தாவதைக் கீழே, மூன்றாம் நம்பருக்கு இரண்டடி தள்ளி நிறுத்தினார். குரல் சரியான பருவத்துக்கு வந்ததும் அக்கா துடைப்பக் கட்டையால் கூரையை இரண்டு தட்டு தட்ட வேண்டும், மேலே தொடங்குவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் தலையில் தூசி கொட்டியது.

நான்கு வருடத்தில் அவள் அவர்களைக் கீழேயிருந்து கேட்டதே இல்லை. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் பஞ்சுத் தூசி ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. செலோவின் ஒலி கூரையைத் தாண்டி வரும்போது ஓரமெல்லாம் கரைந்து, யாரோ பக்கத்து அறையில் தூக்கத்தில் பேசுவதுபோல வந்தது. அவள் இரும்புக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். வெதுவெதுப்பு முதுகுவழியாக ஏறியது. உள்ளே விரிப்புகள் புரண்டன. இவற்றின்மேல்தான் எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள். வலியோடு, மருந்து மயக்கத்தோடு, நாளை வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்போடு. அந்தத் தூக்கமெல்லாம் சேர்ந்து உள்ளே புரண்டுகொண்டிருக்கிறது, மேலே அதைத்தான் வாசிக்கிறார்கள் என்று தோன்றியது. பகலா மாலையா என்று மறந்தது. நடுவில் கைகள் மட்டும் தம் வேலையைச் செய்தன. திறந்து, எடுத்து, குவித்து, ஈரத்தைப் போட்டு, காத்திருந்து, தட்டின. எட்டுப் பாட்டு முடிந்தது.

ஒன்பதாவதுதான் படுத்தியது. பதினோரு நிமிடப் பாட்டு, துணி பாதிக்கு மேல் காய்ந்த பிறகு தொடங்க வேண்டியது. முதல் முறை ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் குறுக்கே ஊளையிட்டது. இரண்டாம் முறை தபால்காரரின் குச்சி கைநழுவிப் படிக்கட்டில் உருண்டு அக்காவின் காலடிவரை வந்துவிட்டது. அத்தோடு படுக்கை விரிப்புகள் தீர்ந்தன. தலையணை உறைகளும் துண்டுகளும்தான் மிச்சம். கையில் தூக்கியதுமே இது இலேசு என்று அவளுக்குத் தெரிந்தது. இலேசான மூட்டை சீக்கிரம் காயும். மனதுக்குள் கணக்குப் போட்டு வழக்கத்தைவிட முன்னதாகத் தட்டினாள்.

“இதுதான் கடைசி!” என்று மேலேயிருந்து தம்பி கத்தினான்.

ஐந்தாவது நிமிடத்தில், கணக்கு தப்பிவிட்டது என்று அவள் காது சொன்னது. மிஷினின் குரல் வேகமாக மெலிந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். பாட்டோ இன்னும் ஆறு நிமிடம் போக வேண்டும். நின்றால் மேலே என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தரை போய்விடும், ஒவ்வொருவரின் கையும் தளரும், நான்கு வருடப் பழக்கத்தில் நிறுத்தியே விடுவார்கள். ஈரத்துணி வேறு இல்லை. மேலே ஓடிச் சொல்ல முடியாது. மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பெட்டியைத் திறந்தாள். சத்தம் வராமல் திறக்க, தாழ்ப்பாளை விரலால் மூடிக்கொண்டு திறந்தாள். வயோலாவைத் தோளில் வைத்து மிகக் கீழான தந்தியை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தாள். மிஷினைவிடத் துளி கீழே இருந்தது. முறுக்காணியைத் திருகினாள், இன்னும் துளி. போதும். வில்லை வைத்தாள்.

முதலில் தனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக, மூன்றாம் நம்பரின் குரலுக்குள் ஒளிந்துகொண்டு இழுத்தாள். பிறகு கொஞ்சம் வெளியே வந்தாள். இன்னும் கொஞ்சம். மிஷின் விக்கியது. உருளை இரண்டு சுற்று மந்தமாகச் சுற்றியது, ஏதோ ஓர் உறையின் பொத்தான் இரும்பில் ஒருமுறை தட்டியது, நின்றது.

மேலே செலோ ஒரு மூச்சு தயங்கிற்று. அக்கா வில்லைத் திருப்பினாள். திரும்புகிற இடம் தெரியக்கூடாது. அது ஒன்றுதான் அப்போது அவளுக்கு உலகத்தில் இருந்த கவலை. தயங்கிய செலோ காலூன்றியது. கிட்டார் வந்தது. தபால்காரர் வெறுங்காலால் தரையை மிதிக்கிற அதிர்வில் தூசி இறங்கி வெயிலில் மிதந்தது. ஒன்பது பாட்டிலும் யாரும் தொடாமல் விட்ட அந்த ஒரே ஸ்வரத்தை, முதல் மாதத்தில் கற்றுக்கொண்ட அந்தத் தந்தியில், விரலே வைக்காமல் அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். தோள் வலித்தது. பிறகு வலி எங்கோ போயிற்று. தான் இழுக்கிறோமா, ஏற்கெனவே இருக்கிற ஒன்றின்மேல் வில்லைச் சும்மா வைத்திருக்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. அவளும் நிறுத்தினாள்.

வழக்கமாக இந்த இடத்தில் மேலே நாற்காலிகள் இழுபடும், யாராவது டீ என்பார்கள். இன்று அதற்கு முன்பே படிக்கட்டில் சவுண்டுக்காரர் காதில் மாட்டியதைக்கூடக் கழற்றாமல் இறங்கி வந்தார். வில்லோடு நிற்கிறவளைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார்.

“சுருதி கொஞ்சம் கீழ இருக்கு” என்றார். பிறகு காதில் மாட்டியதைக் கழற்றிக்கொண்டே, “இருக்கட்டும்” என்றார்.

மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். தம்பி கையில் டீ இருந்தது. கையில் பாதி, சட்டையில் பாதி. அக்காவிடம் நீட்டிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னடா முழிக்கிற? விரிப்பெல்லாம் மலை மாதிரி கிடக்குது. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி வண்டி வந்துடும். வாங்க, மடிக்கணும்.”

நால்வரும் மடித்தார்கள். தபால்காரர் உறைகளைக் கடிதக்கட்டு மாதிரி அடுக்கினார். தம்பி மடித்ததையெல்லாம் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி மடித்தாள்.

“உறையில வயோலா: அக்கான்னு போட்டுடலாமா?” என்றான் அவன்.

“பொய் எதுக்கு? ஒரு பாட்டு, அதுல பாதி.”

“பின்ன என்னன்னு போடறது?”

“எங்க இருந்தேனோ அதைப் போடு.”

பெரிய விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். அக்கா இரண்டு முனைகளைப் பிடித்தாள், பல் டாக்டர் எதிர்ப்பக்கத்து இரண்டையும். உதறி இழுத்து, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். நடுவில் முனைகள் சேரும் இடத்தில் விரல்கள் தொட்டன. டாக்டர் கையை உடனே எடுக்கவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க” என்றார். “மிஷின் முதல்ல நின்னுச்சா, நீங்க முதல்ல ஆரம்பிச்சீங்களா? எனக்கு மேல கண்டுபிடிக்க முடியல.”

“நான் முதல்ல” என்றாள் அக்கா.

குனிந்து அடுத்த விரிப்பின் முனையைத் தேடினாள்.